மழையை அளப்போர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் யாதேனும் ஒரு பொருள்பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். இலக்கியம் பேச வல்லார் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். யாமோ இருப்புப்பாதைத் துறையில் குமாஸ்தா வேலை பார்த்து வருகிறோம். மெட்ரிகுலேஷனோடு எம் படிப்பு நின்றது. ஆதலின் எட்டாத பொருளை விடுத்து, டிராம்பேயில் வாழும் நம் அனைவர் தலையிலும் ஆண்டுதோறும் விழும் பொருளாகிய மழையை எடுத்துக்கொண்டோம். மழையையும் காற்றையும் அளந்து, வரப்போவதை முன்னறிந்து சொல்லும் வானிலை ஆராய்ச்சியாளர்தம் தொண்டினைப்பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நம் முன்னோர் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும் பெயரிட்டு அழைத்தனர். காற்றின் திசையறிந்து உழவும் கடற்செலவும் நடத்திய இனம் நம் இனம். அத்தகைய நம்மவரே இன்று வானிலை அறிக்கை என்றதும் நகைக்கின்றனர். "மழை வரும் என்று சொல்லிவிட்டார்களா? அப்படியானால் குடை வேண்டாம்" என்னும் கேலியைக் காலை வண்டியிலே நாள்தோறும் கேட்கின்றோம். இந்நகைப்பு முறையானதா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் அவர்கள் செய்யும் வேலை யாது என்று காண்போம்.

நாடெங்கும் உள்ள வானிலை நிலையங்களில் காலை 8.30 மணிக்கு ஒருவர் வெளியே வருகின்றார். கையிலே ஒரு குறிப்பேடு. திறந்த வெளியில், கால்கள் மேல் நிறுத்தப்பட்ட, பக்கங்களில் சாய்ந்த பலகைகள் பொருத்திய ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கின்றது. வெயில் நேரே படாமலும் காற்று தடையின்றிப் புகுந்து செல்லும்படியும் அமைந்த அப்பெட்டிக்குள் வெப்பமானிகள் உள்ளன. அவற்றைப் பார்த்து எழுதுகின்றார். பின்னர் மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குழாயில் ஊற்றி, முந்திய காலை முதல் அன்று காலை வரை பெய்தது எத்தனை மில்லிமீட்டர் என்று குறிக்கின்றார். காற்றின் திசை, விரைவு, மேகத்தின் வகை, காற்றழுத்தம் ஆகியவற்றையும் பதிவு செய்கின்றார். குறித்த சில நிலையங்களில் காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் ஒரு பலூனைப் பறக்க விடுகின்றனர். அதனோடு கட்டிய சிறு கருவி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரம் வரை சென்று, பலூன் வெடிக்கும் வரை ஆங்காங்குள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் வானொலி அலை வழியே தரைக்கு அறிவித்துக்கொண்டே இருக்கின்றது.

இவ்வேலையில் ஆரவாரம் ஒன்றுமில்லை. விழா நாளும் இல்லை, மழை நாளும் இல்லை, 8.30 என்றால் 8.30 தான். இன்று அளக்கத் தவறிய மழையை நாளை அளக்க இயலாது. எம்முடைய சரக்குக் கணக்கில் பிழை நேர்ந்தால் ரசீதுகளைப் புரட்டித் திருத்திவிடலாம். வானம் ரசீது கொடுப்பதில்லை.

இந்நாட்டில் இப்பணி தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வுக் கூடம் ஒன்று அமைந்தது. அப்போது நாட்டிய கருங்கல் தூண் இன்றும் அவ்வளாகத்தில் நிற்கின்றது. அதன்மேல் தமிழிலும் எழுதி வைத்துள்ளனர். நம் மும்பையின் கொலாபாவில் 1826-இல் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. 1841 முதல் அங்கு வானிலையையும் பூமியின் காந்தத்தையும் ஒழுங்காக அளந்து வந்தனர். நகரில் மின்சார டிராம் ஓடப்போகின்றது என்ற நிலை வந்தபோது, மின்னோட்டம் காந்த ஊசியைக் கலைக்கும் என்று அறிந்து, காந்த அளவீட்டை அக்கரையிலுள்ள அலிபாகுக்கு 1904-இல் கொண்டு சென்றனர். கொண்டு சென்றவர்கள் கொலாபாவை உடனே மூடிவிடவில்லை. ஈராண்டுக் காலம் இரண்டிடத்தும் ஒருங்கே அளந்து, பழைய கணக்கும் புதிய கணக்கும் இழை அறாமல் இணையச் செய்த பின்னரே நிறுத்தினர். அப்போது அக்கூடத்தின் தலைவராக விளங்கியவர், அப்பதவியை ஏற்ற முதல் இந்தியராகிய நானாபாய் மூஸ் என்னும் பார்சிப் பெருமகனார். கணக்கெழுதும் தொழிலினர்க்கு இஃது ஒரு நல்ல பாடம்.

1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலில் பல்லாயிரவர் மாண்டனர். 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. இவற்றின் பயனாக 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. பிளான்போர்டு என்பார் அதன் முதல் தலைவர். 1899-இல் மழை மீண்டும் பெரிதும் பொய்த்து, கொடும் பஞ்சம் வந்தது. மழை பொய்க்குமா பொய்க்காதா என்பதை முன்கூட்டி அறிய வழியுண்டா என்ற கேள்வி அப்போது கூர்மையாக எழுந்தது.

அக்கேள்வியோடு 1904-இல் அத்துறையின் தலைமையை ஏற்றவர் கில்பர்ட் வாக்கர். அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். வானிலை அவர்க்குப் புதிய துறை. ஆதலின் கணிதன் செய்யும் வழியையே அவர் மேற்கொண்டார். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பல ஆண்டுக் கணக்குகளைத் திரட்டி, ஒன்று கூடும்போது மற்றொன்று கூடுகின்றதா, குறைகின்றதா என்று ஒப்பிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது. எண்ணற்ற பெருக்கல்களையும் கூட்டல்களையும் கையால் போட்டவர்கள் நம் நாட்டுக் குமாஸ்தாக்கள். அவர்கள் பெயர்களை உலகம் அறியாது. அவர்கள் போட்ட கணக்கின் பயனாக ஒரு பேருண்மை வெளிப்பட்டது. பசிபிக் பெருங்கடலின் மேல் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலின் மேல் தாழ்கின்றது. அங்கே தாழும்போது இங்கே உயர்கின்றது. துலாக்கோலின் இரு தட்டுகள் போன்ற இவ்வசைவுக்கு வாக்கர் தென் அலைவு என்று பெயரிட்டார். இன்று எல் நினோ என்று செய்தித்தாள்களில் படிக்கின்றோமே, அஃது இவ்வசைவோடு பிணைந்தது என்பது பிற்காலத்தில் தெளிந்தது.

அன்பர்களே! வாக்கரை நாம் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாயிருந்தார். கும்பகோணத்துப் பிள்ளை, கல்லூரிப் பட்டம் பெறாதவர். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வாக்கரிடம், துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவ்விளைஞரின் கணக்குகளைக் காட்டினார். வாக்கர் அவற்றைக் கண்டு வியந்து, அம்மாதம் 26-ஆம் நாள் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. இளைஞர் மேசை வேலையினின்று விடுதலை பெற்றார். அவரே கணித மேதை இராமானுசன். மழையைக் கணக்கிட வந்த ஒருவர், நம்மவருள் ஒரு மாணிக்கத்தை அடையாளம் கண்டார். குமாஸ்தாவின் குறிப்பேட்டிலும் பெரும்பொருள் இருக்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

பின்னர் நம் நாட்டவரே இத்துறையில் தலைநிமிர்ந்தனர். பாலக்காட்டையடுத்த கல்பாத்தியில் 1893-இல் பிறந்த கே. ஆர். இராமநாதன், பலூன்கள் கொணர்ந்த கணக்குகளை ஆராய்ந்து, வானின் மேலடுக்கில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்தின் மேல் இல்லை, வெப்பம் மிகுந்த நிலநடுக்கோட்டுப் பகுதியின் மேல்தான் இருக்கின்றது என்று 1929-இல் உலகறிய எழுதினார். பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி அம்மையார், சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்று, 1948-இல் புனேயில் இத்துறையிற் சேர்ந்தார். அந்நாளில் வானிலைக் கருவிகளில் பல வெளிநாட்டிலிருந்தே வந்தன. அம்மையார் ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளின் வரைபடங்களை ஒரே தரத்துக்குக் கொணர்ந்து, அவற்றை இந்நாட்டிலேயே செய்ய வழிகோலினார். பொய்க் கோலால் அளந்தால் மெய் கிடைக்காது. ஆதலின் கோலைச் செம்மை செய்தவரும் பெருந்தொண்டர் ஆவார்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2005 சூலை 26-ஆம் நாளை இங்குள்ளோர் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று பிற்பகல் தொடங்கிய மழை நள்ளிரவிலும் ஓயவில்லை. மித்தி ஆறு பெருகிற்று. குர்லாவில் தண்டவாளம் மறைந்தது. வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அப்போது யாம் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இடுப்பளவு நீரில், முன் செல்பவர் தோளைப் பற்றியவாறு, பலரோடு பலராக நடந்து இரவில் வீடு சேர்ந்தோம். நம் குடும்பங்களில் உயிர் இழந்தோரும் உண்டு, பொருள் இழந்தோரும் உண்டு. அத்துயரை விரிக்க இங்கு யாம் முற்படவில்லை. அன்றைய இரண்டு எண்களை மட்டும் உங்கள்முன் வைக்கின்றோம்.

மறுநாள் காலை 8.30 மணிக்குச் சாந்தாகுரூசு நிலையத்தில் அளந்த மழை 944.2 மில்லிமீட்டர். அதே நேரத்தில் கொலாபாவில் அளந்தது 73.4 மில்லிமீட்டர். ஒரே நகரம், ஒரே நாள். ஓரிடத்தில் பெய்ததில் ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்குதான் மற்றோரிடத்தில் பெய்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஒரு லிட்டர் நீர். பத்தடிக்குப் பத்தடி உள்ள நம் குடியிருப்பின் கூரை ஒன்றின்மேல் மட்டும் அன்று சாந்தாகுரூசில் 8,700 லிட்டருக்கு மேல் விழுந்தது. ஒரு தண்ணீர் லாரியை ஒவ்வோர் அறையின் மீதும் கவிழ்த்தது போல! நகரின் பழைய வடிகால்களோ மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குமாறு அமைந்தவை. அதுவும் கடல் வற்றத்தில் இருக்கும்போது.

சற்றே எண்ணிப் பாருங்கள். கொலாபாவில் மட்டுமே மழைமானி இருந்திருந்தால், ஏட்டில் அன்றைய மழை 73 என்றே நின்றிருக்கும். "சாதாரண மழைதானே, இதற்கா இவ்வளவு அழுகை?" என்று வருங்காலம் கேட்டிருக்கும். சாந்தாகுரூசில் அந்நீரை அளந்து எழுதிய ஊழியரின் எண்ணே நம் துயருக்குச் சான்றாக நிற்கின்றது. வடிகாலை விரிவாக்க வேண்டும், ஆற்றை ஆழப்படுத்த வேண்டும் என்று கேட்போர் கையில் உள்ள முதற்கருவியும் அவ்வெண்தான். அதன் பின்னரே நகரின் பல பகுதிகளிலும் தானியங்கி மழைமானிகளை மாநகராட்சி வைத்தது. 2005-இல் மும்பையில் இல்லாத டாப்ளர் ராடார் பின்னர்க் கொலாபாவில் அமைந்தது; 2022-இல் வெராவலியில் இரண்டாவது ராடாரும் வந்தது.

"அவ்வளவு பெருமழையை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. எம் தொழிலைக் கொண்டே விடை கூறுகின்றோம். வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடுவது. ஆதலின் அட்டவணை போட முடிகின்றது, அப்படியும் தாமதமாகின்றது. காற்றுக்குத் தண்டவாளம் இல்லை. பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும், கன மழை பெய்யும் என்று பெரும்பரப்புக்கு ஓரிரு நாள் முன்னரே சொல்லலாம். சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு மேகத்திரள் குர்லாவில் கொட்டுமா, கொலாபாவில் கொட்டுமா என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்னர்தான் ராடாரைக் கொண்டு ஓரளவு அறியலாம். ஆதலின்தான் அவர்கள் நிறங்களால் எச்சரிக்கின்றனர். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்திருங்கள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிருங்கள். சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்வதை அவர்கள் அதிகன மழை என்பர். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் நம் தெருவில் மழை குறைந்தால், நாம் தப்பினோம் என்று கொள்ள வேண்டுமே அன்றி, அவர்கள் பொய்த்தனர் என்று நகைப்பது அறிவுடைமை ஆகாது.

எச்சரிக்கையின் மதிப்பை இருப்புப்பாதைக் குடும்பத்தார் நன்கு அறிவர். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணி வண்டியைப் புயலால் எழுந்த கடல் விழுங்கியது. வண்டியிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. ஊரும் அழிந்தது. பாம்பன் பாலத்தை 46 நாள்களில் சீர்செய்தனர் ஸ்ரீதரன் என்னும் பொறியாளரும் அவர்தம் தொழிலாளரும். பின்னாளில் அப்பழைய பாலத்தில் காற்றை அளக்கும் கருவி அமைந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை மிஞ்சினால் வண்டி செல்லக்கூடாது என்று விதி வகுத்தனர். அளவு என்பது உயிர்காக்கும் விதியாக மாறியதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மற்றொன்றும் கூறுவோம். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் என்னும் கடும்புயல் அக்கரையையே தாக்கியது. இம்முறை நாள்கள் சில முன்னரே எச்சரிக்கை எழுந்தது. பல இலட்சம் மக்களை மேட்டு நிலத்துக்கும் புயற்காப்பகங்களுக்கும் அழைத்துச் சென்றனர். உயிரிழப்பு நூற்றைத் தொடவில்லை. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கடல் சாந்தமாகிவிடவில்லை. வானிலையாளர் சொன்ன சொல் ஒவ்வொரு குடிசையின் வாயில் வரை சென்றது. மக்களும் அதனை நம்பி எழுந்தனர். அவ்வளவே.

அந்தக் குடிசை வாயில்தான் நம் கவலை. டிராம்பே எத்தகைய இடம்? ஒருபுறம் குன்று, மறுபுறம் உப்பங்கழியும் கடலும். சீட்டா கேம்ப் முதலிய நம் குடியிருப்புகள் தாழ்ந்த சதுப்பு நிலத்தின் ஓரத்தில் உள்ளன. கடல் ஏறியிருக்கும் வேளையில் பெருமழை பெய்தால் வடிகால் நீர் போக வழியின்றித் திரும்பி வீட்டுக்குள் வரும். குன்றின் அடியில் இருப்போர்க்கு மண்சரிவும் சுவர் இடிதலும் அச்சம். 2021 சூலை 18-ஆம் நாள் விடியுமுன், நமக்கு அண்மையிலுள்ள மாகுல் பாரத் நகரில் பெருமழையால் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பதினைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025-இலோ சூன் 11 அளவில் மும்பைக்கு வர வேண்டிய பருவமழை மே 26-ஆம் நாளே வந்துவிட்டது. பள்ளம் தூர் வாரி முடிப்பதற்குள் மழை வந்து நிற்கின்றது.

இந்நகரில் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. நம் சந்துகளில் வாழும் முதியோர் பலர் தமிழன்றிப் பிறமொழி படிக்க அறியாதவர். இளைஞர் கைபேசியில் செய்தி வருகின்றது. ஆனால் அவர்கள் வேலைக்குப் போன பின் வீட்டிலிருப்போர் பாட்டியும் பேரக் குழந்தையுமே. ஆகவே இச்சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, சங்கத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை. சூன் முதல் செப்டம்பர் முடிய, நாள்தோறும் காலையில் அன்றைய எச்சரிக்கையின் நிறத்தையும், கடல் ஏறும் நேரத்தையும், மாநகராட்சியின் 1916 என்னும் உதவி எண்ணையும் நல்ல தமிழில், பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

இரண்டாவது, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இசைவு பெற்று, சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் ஒரு மழைமானி. அதிகச் செலவில்லை. காலை 8.30 மணிக்கு ஒரு மாணவரோ மாணவியோ அளந்து ஏட்டில் எழுதட்டும். நம் பகுதியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் எந்தச் சந்தில் நீர் ஏறுகின்றது என்பது ஐந்தே ஆண்டில் நமக்குத் தெரிந்துவிடும். கோரிக்கை மனுவோடு வார்டு அலுவலகத்துக்குப் போகும்போது கண்ணீரோடு கணக்கையும் கொண்டு போகலாம்.

மூன்றாவது, சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் தாழ்ந்த சந்துகளுக்கும் குன்றடிக்கும் நேரிற் சென்று முதியோரை எழுப்பி, மேடான இடத்துக்கு அழைத்து வரப் பத்து இளைஞர்கள். இரவு இரண்டு மணியானாலும் செல்ல வேண்டும். மாகுலில் சுவர் இடிந்தது உறங்கும் வேளையில் என்பதை நினைவிற் கொள்வோமாக.

"தமிழ்ச் சங்கத்துக்கு மழைமானி எதற்கு? நாடகமும் பட்டிமன்றமும் போதாவா?" என்று சிலர் கருதலாம். நாடகமும் வேண்டும், பட்டிமன்றமும் வேண்டும். அவற்றைக் காண நம் மக்கள் உயிரோடு இருக்கவும் வேண்டும். ஊர்விட்டு ஊர்வந்து பிழைக்கும் நமக்கு உறவு என்பது அடுத்த வீட்டார்தாம். அடுத்த வீட்டாருக்கு, அவர்கள் அறிந்த மொழியில், உரிய நேரத்தில் ஓர் எச்சரிக்கை சொல்வது தமிழ்த்தொண்டே ஆகும்.

நாடெங்கும் பெயர் தெரியாத பல்லாயிரவர் இருநூறு ஆண்டுகளாகக் காலைதோறும் அளந்து எழுதி வந்திருக்கின்றனர். அவர்கள் எழுதியதன் பயனை நாம் துய்க்கின்றோம். அவ்வேட்டில் டிராம்பேத் தமிழரும் ஒரு வரி எழுதட்டும். வரும் ஆண்டு விழாவுக்குள் கரும்பலகையேனும் வாயிலில் நிற்கும் என்று நம்புகின்றோம். அதில் எழுதும் முறை முதல் வாரம் எம்முடையதாகட்டும்.